எம்டன் தின்ற கரி

ஹட் பேயில் கப்பல் ஏறித் தெற்கே போகிறவர்களுக்கு லிட்டில் அந்தமானின் தென்முனை மறைந்த பிறகு நெடுநேரம் கரையே தெரியாது. பத்து டிகிரி கால்வாய் என்று வரைபடத்தில் போட்டிருக்கும் அந்த 150 கிலோமீட்டர் அகலக் கடலைக் கடந்தால் கார் நிக்கோபார். இன்னும் தெற்கே போனால், ஹட் பேயிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டரில், கமோர்ட்டாவும் நான்கவ்ரியும் எதிரெதிரே நின்று நடுவில் ஒரு குளம்போன்ற துறைமுகத்தை உண்டாக்கி வைத்திருக்கின்றன. 1914 அக்டோபர் 26 அன்று அந்தத் துறைமுகத்துக்குள் ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்று வந்து நின்றது. ஒரு மாதத்துக்கு முன் சென்னைமேல் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன். இங்கே அது யாரையும் சுடவில்லை. நாள் முழுக்கக் கரி ஏற்றியது. ஏற்றி முடித்ததும் கிளம்பிப் போய்விட்டது.

எம்டன் பற்றிய கதைகளில் இந்த நாளுக்கு ஒரு வரிக்குமேல் இடம் கிடைப்பதில்லை. சென்னையில் எரிந்த எண்ணெய்த் தொட்டிகளும் பினாங்கில் மூழ்கிய ரஷ்யக் கப்பலும்தான் கதை. தமிழில் அந்தக் கப்பலின் பெயர் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. பிடி கொடுக்காதவன், எதற்கும் துணிந்தவன், கெட்டிக்காரன் எல்லோரும் நமக்கு ‘எம்டன்’. 2006-இல் ‘எம்டன் மகன்’ என்று தொடங்கிய திரைப்படம், தமிழ்ப் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்பதற்காக ‘எம் மகன்’ ஆனது வேறு கதை. சொல் முழுக்க ஆளின் குணத்தைப் பற்றியது. ஆனால் கப்பலின் கட்டுமானக் கணக்கையும் அது போன வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேப்டனின் துணிச்சலைவிட அதிகமாக அந்த வழியைத் தீர்மானித்தது கரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கே போவது, எதைப் பிடிப்பது, எப்போது திரும்புவது, எங்கே மாட்டிக்கொள்வது எல்லாமே அடுத்த மூட்டை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதிலாக நடந்தவை.

முதலில் கப்பல். நம் ஊர்க் கதைகளில் வருவதுபோல அது ராட்சதக் கப்பல் அல்ல. அதே 1909-இல் ஜெர்மானியக் கடற்படையில் சேர்ந்த நஸ்ஸாவ் பெரும் போர்க்கப்பல் 18,000 டன்னுக்கு மேல். 28 சென்டிமீட்டர் வாய்கொண்ட பீரங்கிகள் பன்னிரண்டு. எம்டன் சாதாரண எடையில் 3,664 டன். டான்சிக் நகரத்து அரசுக் கப்பல் தளத்தில் 1906-இல் கட்டத் தொடங்கி, 1908 மே மாதம் கடலில் இறக்கி, 1909 ஜூலையில் பணியில் சேர்த்த இலகு குரூசர். நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், பீரங்கிகள் 10.5 சென்டிமீட்டரில் பத்து, ஆட்கள் சுமார் 360. அதனுடன் பிறந்த டிரெஸ்டனுக்கு அப்போது புதிதாக வந்த நீராவிச் சுழலியைப் பொருத்தினார்கள். எம்டனுக்குப் பழைய பாணி பிஸ்டன் இயந்திரங்கள் இரண்டு. பன்னிரண்டு கொதிகலன்கள், எல்லாவற்றுக்கும் கரி மட்டும்தான் தீனி. பக்கவாட்டில் கனத்த கவசம் கிடையாது. நீர்மட்டத்தை ஒட்டி உள்ளே ஒரு எஃகுத் தளம், அதற்கு மேலே இரு பக்கமும் கரிக்கிடங்குகள். வெளியிலிருந்து வரும் குண்டு அந்தக் கரிமேட்டைத் துளைத்துத்தான் உள்ளே வர வேண்டும். எரிபொருளே பாதிக் கவசம் என்பது அந்தக் காலத்துச் சிறிய குரூசர்களின் சிக்கன புத்தி. ஓட ஓடக் கரி குறையும், கூடவே பாதுகாப்பும் மெலியும்.

கிடங்குகளை நிரப்பினால் 860 டன் பிடிக்கும். 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டரில், அதை வைத்து 3,760 கடல்மைல் போகலாம். வகுத்துப் பார்த்தால் ஒரு டன்னுக்கு எட்டு கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 66 டன், பதின்மூன்று நாளில் கிடங்கு காலி. இது நிதானமாகப் போனால். தண்ணீரைக் கிழித்துப் போகும் கப்பலுக்கு வேகத்தை இரட்டிப்பாக்க இரண்டு மடங்கு சக்தி போதாது, ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். நீரின் எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏறுகிறது. அந்த எதிர்ப்பை வேகத்தால் பெருக்கினால்தான் சக்தி. பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும் அதே தூரத்துக்கு நான்கு மடங்கு கரி செலவு. எம்டனின் இயந்திரங்கள் முழு வேகமான 24 நாட்டில் 16,000 குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்தன. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்று வைத்தாலே மணிக்கு 16 டன். கிடங்கு இரண்டேகால் நாளுக்கு வரும். அந்த 16 டன்னையும் இயந்திரம் எதுவும் அள்ளிப் போடவில்லை. ஒரு மண்வெட்டிக்கு ஆறேழு கிலோ பிடித்தால் மணிக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீச்சு. வெப்ப மண்டலக் கடலில், உலைவாய் எதிரே நின்று, அரை நிர்வாணமாக ஆட்கள் வீசியது. கூடவே சாம்பலைக் கிளறி எடுக்க வேண்டும், தூரத்துக் கிடங்கிலிருந்து கூடைகூடையாகக் கரியை முன்னால் இழுத்துவர வேண்டும். ‘மின்னல் வேகத்தில் வந்து தாக்கி மறைந்தது’ என்று எழுதுவது எளிது. அந்த மின்னலுக்கு ஆயுள் 54 மணி நேரம்.

கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ்தான் கப்பலின் தளம். போர் தொடங்கியதும் கிழக்காசியப் படைப்பிரிவு பசிபிக்கில் பகான் தீவில் கூடியபோது, ஒரே ஒரு குரூசரை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் அவர். மொத்தப் படைப்பிரிவுக்கும் அங்கே கரி கிடைக்காது, ஒன்றுக்கென்றால் சமாளிக்கலாம் என்பது அதற்குள் இருந்த நியாயம். துணைக்கு மார்க்கோமானியா என்ற கரிக்கப்பல் வந்தது. போகிற வழியிலேயே முதல் அடி விழுந்தது. டச்சுக்காரர்களின் தீவொன்றில் இன்னொரு கரிக்கப்பலைச் சந்திக்க ஏற்பாடு. டச்சுப் போர்க்கப்பல் அதை ஏற்கெனவே விரட்டிவிட்டு அங்கே காத்திருந்தது. 1907 ஹேக் உடன்படிக்கைப்படி நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் போர்க்கப்பல் வழக்கமாக 24 மணி நேரத்துக்குமேல் தங்கக் கூடாது; ஒருமுறை எரிபொருள் வாங்கினால் அதே நாட்டின் துறைமுகத்தில் மூன்று மாதத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது. பிரிட்டனுக்கு ஏடனில், கொழும்பில், சிங்கப்பூரில் கரிக்குவியல்கள். ஜெர்மனிக்கு இந்தக் கடல் முழுவதிலும் ஒரு குவியல்கூடக் கிடையாது.

செப்டம்பர் 5 வாக்கில் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்த எம்டன் நவம்பர் 9 வரை பிழைத்தது, 65 நாள். நிதான வேகத்திலேயே ஓடியிருந்தாலும் குறைந்தது ஐந்து முறை முழுக் கிடங்கு நிரப்பியிருக்க வேண்டும். எங்கிருந்து? எதிரியிடமிருந்து என்பதுதான் பதில். செப்டம்பர் 10 அன்று பிடிபட்ட கிரேக்கக் கப்பல் பொன்டோபோரஸில் இருந்தது பிரிட்டிஷார் வாங்கிய வங்காளக் கரி. கப்பலோடு கரியையும் எம்டன் தன்னுடன் வைத்துக்கொண்டது. செப்டம்பர் 27 அன்று ப்யூரெஸ்க் சிக்கியது. அதில் பிரிட்டிஷ் கடற்படைக்காகவே ஏற்றிய ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட வேல்ஸ் கரி. அக்டோபரில் மினிக்காய் அருகே எக்ஸ்ஃபோர்டு, அதிலும் வேல்ஸ் கரி. பிடித்த கப்பல்களில் பெரும்பாலானவற்றை மூழ்கடித்தவர்கள் இவற்றை மட்டும் மூழ்கடிக்கவில்லை.

வங்காளக் கரிக்கும் வேல்ஸ் கரிக்கும் என்ன வித்தியாசம் என்பது இங்கே வெறும் தரப் பிரச்சினை அல்ல. ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் தோண்டுவது கோண்டுவானாக் காலக் கரி. மரஞ்செடிகள் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மண்ணோடும் வண்டலோடும் சேர்ந்து படிந்ததால், எரித்தால் சாம்பல் மிக அதிகம் மிஞ்சும். சாம்பல் உலைத்தட்டில் உருகிக் கட்டிதட்டும், காற்று அடைபடும், அதை அடிக்கடி கம்பியால் உடைத்து இழுக்க வேண்டும், அதற்குள் நீராவி அழுத்தம் இறங்கும். அது மட்டுமல்ல, புகை. கப்பலின் உச்சிக் கொம்பு 30 மீட்டர் உயரம் என்றால் பூமியின் வளைவு அதை 20 கிலோமீட்டருக்கு அப்பால் மறைத்துவிடும். 100 மீட்டர் எழும்பும் கரும்புகையை 36 கிலோமீட்டரிலிருந்தும் பார்க்கலாம். பார்ப்பவனும் கொம்பின் மேல் உட்கார்ந்திருந்தால் இன்னும் தூரம். ஒளிந்து வேட்டையாடுகிற கப்பலுக்கு மோசமான கரி என்பது தலைமேல் கொடி பிடித்துக்கொண்டு போவது மாதிரி. வேல்ஸ் கரியில் ஆவியாகிற பொருள் குறைவு, புகையும் குறைவு. ப்யூரெஸ்க்கைப் பிடித்த நாளில் எம்டனுக்குப் பீரங்கியால் வாங்க முடியாத ஒன்று கிடைத்தது.

கரி கையில் இருந்தால் மட்டும் போதாது, மாற்றி ஏற்ற இடமும் வேண்டும். இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, மூட்டைமூட்டையாகத் தூக்கித் தளத்தில் கொட்டி, அங்கிருந்து சிறு துளைகள் வழியே கிடங்குக்குள் தள்ளுவார்கள். பல மணி நேர வேலை. கரித்தூள் மூக்கில், கண்ணில், சோற்றில். திறந்த கடலில் அலை சற்று எழுந்தாலும் இரண்டு எஃகுச் சுவர்களும் மோதிக்கொள்ளும். எம்டனின் பக்கச் சுவர் அப்படிப் பலமுறை அடிபட்டது. கிடங்கு நிறைந்த பிறகும் தளத்தின் மேல் குவிப்பார்கள், அப்போது பீரங்கிகளைச் சுற்றி நடக்கவே இடமிருக்காது. அந்த நிலையில் எதிரி வந்தால் கதை முடிந்தது. அதனால் வேண்டியது அலையில்லாத, ஆளில்லாத, தந்தியில்லாத தண்ணீர். நான்கவ்ரி அதற்கென்றே செய்து வைத்த மாதிரி. இரு பக்கமும் மலை, கிழக்கிலும் மேற்கிலும் வாசல், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நிற்பது தெரியாது. 1869-இல் பிரிட்டிஷார் அங்கே ஒரு கைதிக் குடியிருப்பு வைத்து, 1888-இல் அதையும் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். கொடி பிரிட்டனுடையது, காவல் யாருடையதும் இல்லை. டியாகோ கார்சியாவும் அப்படித்தான்: அக்டோபர் 9 அன்று எம்டன் அங்கே போய் நின்றபோது, போர் தொடங்கிய செய்தியே தீவில் இருந்தவர்களை எட்டியிருக்கவில்லை. தோட்ட மேலாளரின் பழுதான மோட்டார் படகை ஜெர்மானியர்கள் சரிசெய்து கொடுத்தார்கள். கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்து அடிவயிற்றில் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டினார்கள். அடிப்பாகம் சொரசொரப்பானால் நீரின் உராய்வு ஏறும். உராய்வு ஏறினால் அதே வேகத்துக்குக் கரி கூடும். சுரண்டி எடுத்த ஒவ்வொரு கூடைச் சிப்பியும் ஒருவகையில் சேமித்த கரிதான்.

இனி சென்னை. என் வாதத்துக்கு ஒத்துவராத இடமே அதுதான் என்று யாரும் சொல்லலாம். செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணிக்கு எம்டன் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. அப்போது உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில்தான் கலங்கரை விளக்கம். நீதிமன்ற மதில் அருகே குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. இதில் கரி எங்கே? எங்கும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இங்கே முல்லர் தேடியது பரபரப்பு, பிரிட்டிஷ் ஆட்சியின் முகத்தில் ஓர் அறை. எரித்த எண்ணெயால் அந்தக் கப்பலுக்கு ஒரு பயனும் இல்லை, அதன் உலைகள் எண்ணெய் குடிக்கத் தெரியாதவை. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். எம்டனின் வெடிமருந்து அறையில் மொத்தம் 1,500 குண்டுகள்தான். கரியை எதிரியிடம் பிடுங்கலாம், 10.5 சென்டிமீட்டர் ஜெர்மானியக் குண்டை யாரிடம் பிடுங்குவது? அந்த அரை மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு போயிற்று. அதற்குப் பிறகு இந்தியத் துறைமுகம் எதையும் எம்டன் சுடவில்லை. கப்பல்கள் நெருக்கமாக ஓடும் இலங்கை, மினிக்காய்ப் பாதைகளுக்குப் போய்விட்டது. ப்யூரெஸ்க் கிடைத்தது அங்கேதான். சென்னை ஒரு விதிவிலக்கு, தன் விலையைக் காட்டிவிட்டுப் போன விதிவிலக்கு.

இன்னொரு மறுப்பு வலுவானது: எல்லாம் முல்லரின் மூளைதானே, கரி வெறும் சரக்குதானே? மூன்று புகைப்போக்கிகளோடு நான்காவதாகத் துணியிலும் மரத்திலும் ஒன்றைக் கட்டி, பிரிட்டிஷ் குரூசர் யார்மவுத் போல வேடமிட்டது மூளை இல்லையா? மூளைதான். ஆனால் அதே அளவு மூளையும் கிட்டத்தட்ட அதே பீரங்கிகளும் இருந்த மற்றக் கப்பல்களுக்கு என்ன ஆயிற்று? கிழக்கு ஆப்பிரிக்காவில் கோனிக்ஸ்பர்க் இருந்தது. அதற்கும் 10.5 சென்டிமீட்டரில் பத்துப் பீரங்கிகள். செப்டம்பர் 20 அன்று சான்சிபாரில் பிரிட்டிஷ் குரூசர் பெகாசஸை மூழ்கடித்தது, அதுவும் துணிச்சல் குறைந்த வேலையல்ல. ஆனால் போர் மூண்டதுமே பிரிட்டிஷார் பக்கத்துப் போர்ச்சுகீசியத் துறைமுகங்களின் கரியை வாங்கி முடக்கிவிட்டார்கள். கோனிக்ஸ்பர்க் ரூஃபிஜி ஆற்றின் கழிமுகத்துக்குள் ஒதுங்கி, அங்கேயே சிக்கி, 1915 ஜூலையில் அழிந்தது. எம்டனுடன் பிறந்த டிரெஸ்டனோ, சுழலியும் வேகமும் இருந்தும், 1915 மார்ச்சில் சிலிக்கு எதிரே ஒரு தீவில் கரி தீர்ந்த நிலையில் நின்றபோது எதிரியிடம் சிக்கி மூழ்கியது. சோதனைச்சாலையில்கூட இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை அமைப்பது கடினம். முல்லரின் மூளையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அந்த மூளை நாள்தோறும் போட்ட கணக்கு எதைப் பற்றியது என்றுதான் சொல்கிறேன்.

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து வழிகாட்டினார் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்னும் உலவுகிறது. அவர் அந்தச் செப்டம்பரில் சூரிக்கில் இருந்தார், அடுத்த மாதம் பெர்லினுக்குப் போனார். எம்டனோ ஜூலை முடிவதற்குள் சிங்தாவை விட்டுக் கிளம்பிவிட்டது. ஆளைத் தேடும் நம் ஆசை ஆதாரத்தைவிட வேகமாக ஓடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 12 அன்று சுமத்ரா கரையோரம் மார்க்கோமானியாவைப் பிரிட்டிஷ் குரூசர் ஒன்று மூழ்கடித்து, பொன்டோபோரஸையும் மீட்டது. எம்டன் எந்தக் கப்பலின் வேடத்தைப் போட்டுக்கொண்டதோ அதே யார்மவுத். கரிதான் எல்லாம் என்றால் எம்டன் அன்றே முடங்கியிருக்க வேண்டாமா? முடங்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ப்யூரெஸ்க் கையில் இருந்தது, அடுத்த வாரத்துக்குள் எக்ஸ்ஃபோர்டும் வந்துவிட்டது. வங்காளக் கரியை மேற்கே அனுப்பி, வேல்ஸ் கரியைக் கிழக்கே அனுப்பி, கடல் முழுக்கக் கரி ஓடும்படி செய்து வைத்திருந்தது பிரிட்டிஷ் வணிகம்தான். அந்தப் பெரிய கிடங்கு மிதந்துகொண்டிருந்த வரைக்கும் எம்டனுக்குத் தளம் தேவைப்படவில்லை. நான்கவ்ரியில் நிரப்பிக்கொண்டு பத்து டிகிரிக்குக் கீழே கிழக்காகப் போன கப்பல் அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் குரூசர் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. திரும்பும்போது பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும். அந்த நுழைவுக்கும் ஓட்டத்துக்கும் தேவையான வேகம் நம் தீவுகளுக்கு நடுவே கிடங்கில் கொட்டியது.

முடிவிலும் கரி இருந்தது. நவம்பர் 9 காலை கொக்கோஸ் தீவுகளில், கடலடித் தந்தி நிலையத்தை உடைக்க முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே தலைமையில் 50 பேரைக் கரையிறக்கினார் முல்லர். கரியோடு வந்து சேரச் சொல்லி ப்யூரெஸ்க்கை வானொலியில் கூப்பிட்டார்கள். அந்த அழைப்பு தந்தி நிலையத்தின் காதிலும் விழுந்தது. அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று நிலையம் உலகத்துக்குச் செய்தி அனுப்பியது. சுமார் 90 கிலோமீட்டரில் ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிப் போன கப்பல் கூட்டத்தோடு சிட்னி என்ற குரூசர் இருந்தது. அடிவானத்தில் புகை தெரிந்தபோது எம்டனில் இருந்தவர்கள் ப்யூரெஸ்க் வருகிறது என்று நினைத்தார்கள். அரிய நிமிடங்கள் அதில் போயின. வந்தது சிட்னி. எம்டனின் ஒரு குண்டு 17 கிலோ, சிட்னியுடையது 45 கிலோ. வேகமும் சிட்னிக்கே கூடுதல். முதலில் சில குண்டுகள் எம்டனுக்குச் சரியாகவே விழுந்தன. பிறகு ஒன்றரை மணி நேரத்தில் புகைப்போக்கிகள் சாய்ந்து, உள்ளே தீப்பிடித்து, முல்லர் கப்பலை நார்த் கீலிங் பவளப்பாறையில் ஏற்றினார். 130-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிட்னியில் நால்வர்.

கரையில் விடப்பட்ட மூக்கேயும் ஆட்களும் அன்று மாலையே துறையில் நின்ற ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 97 டன், மூன்று பாய்மரம், இயந்திரம் இல்லை. இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பிரிட்டிஷ் குரூசர்கள் புகையைத் தேடிக்கொண்டிருந்தன. ஆயிஷாவிடம் புகை இல்லை. 18 நாள் காற்றில் மிதந்து, நவம்பர் 27 அன்று சுமத்ராவில் டச்சுக்காரர்களின் பாடாங் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதிகாரிகள் அதற்கும் 24 மணி நேர விதியைச் சொன்னார்கள். மறுநாள் பாய் விரித்துக் கிளம்பியது. அந்த விதியில் கரியைப் பற்றிய பிரிவு மட்டும் அதற்குத் தேவைப்படவில்லை.